மோட்டார்க் குழி

தீபாவளி நெருங்கினால் எங்கள் தெருப் பெண்கள் புடவைக் கடைக்குக் கிளம்புவார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்குவேன். மழை தொடங்கும் முன் மோட்டார்க் குழியைச் சுத்தம் பண்ணி, பம்பைப் பிரித்துப் பார்த்து, ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வீட்டில் அது மருமகள் வேலை.

சிதம்பரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு தெருவைவிடத் தாழ்ந்தது. கட்டும்போது அப்படி இல்லையாம். ரோடு போடுகிறவர்கள் பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டிக்கொண்டே போக, தெரு வளர்ந்தது, வீடு நின்ற இடத்திலேயே நின்றது. அடைமழை வந்தால் தெருத் தண்ணீர் வாசல் வழியாக விருந்தாளி மாதிரி உள்ளே வரும். பின்கட்டில் தரைக்கு அடியிலிருந்தும் கசியும். அந்தப் பின்கட்டில்தான் என் புருஷன் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார், எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் வாங்கி, விலை ஏறும்வரை வைத்திருந்து, கடலூருக்கு அனுப்புவது அவர் வியாபாரம். மல்லாட்டைக்கு ஈரம் ஆகாது. அடி மூட்டை நனைந்தாலே பூஞ்சை பிடித்து மேல் மூட்டைவரை ஏறிவிடும். கடலூர் வியாபாரிகள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு லாரியை அப்படியே திருப்பி விடுவார்கள்.

அதனால் பின்கட்டின் மூலையில் ஆள் மார்பளவுக்கு ஒரு குழி தோண்டி, உள்ளே சிமென்ட் பூசி, வீட்டுக்குள் வருகிற தண்ணீரெல்லாம் அதில் போய் விழும்படி செய்தார். குழிக்குப் பக்கத்தில் செங்கல் மேடை. மேடையில் ஒரு மோட்டார், ஒரு பம்பு, இரண்டையும் சேர்த்துச் சுற்ற நாலு விரல் அகலத் தோல் பெல்ட்டு. குழிக்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஃபுட்வால்வு. மேலே ஏறும் தண்ணீர் சுவரைத் தாண்டிப் பின் சந்து வாய்க்காலில் விழும்.

மாட்டிக் கொடுத்த பிட்டர் கடலூரிலிருந்து வந்தவர். எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கியதும் என் புருஷன் பாதியிலேயே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இவகிட்ட சொல்லிட்டுப் போங்க. இவுங்க வீட்ல ஆயில் இஞ்சின் இருக்குது. இவளுக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்தது உண்மைதான். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரையில் எங்கள் நிலம். அண்ணன் இஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நட்டைக் கழற்றியும் மாட்டியும் பழகியவள் நான். கல்யாணத்தில் யாரும் கேட்காமல் நான் கொண்டுவந்த சீர் அது.

பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பெல்ட்டை விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் கப்பை ஒரு திருகு திருக வேண்டும். குழிக்குள் இறங்கி அடிச்சேற்றை வாரிக் கொட்ட வேண்டும். ஃபுட்வால்வின் சல்லடையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, உள்ளே இருக்கும் தோல் மூடியை அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லாச் சூட்சுமமும் அந்தத் தோல் மூடியில்தான். தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அது கிழிந்துவிட்டால் குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கிப்போய்விடும். பிறகு மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சொட்டுத் தண்ணீர் ஏறாது. சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் ஏறும்போது மோட்டார் முனகும். காற்றைச் சுற்றினால் கூச்சல் போடும்.

கல்யாணமான வருஷத்து மழையில் அது கூச்சல் போட்டது. மூடி கிழிந்திருந்தது. நான் அதை மாற்றி, குழாய்க்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டுவதற்குள் அடி வரிசை மூட்டைகளில் ஈரம் தொட்டுவிட்டது. சுவர் ஆணியில் பழைய பெல்ட்டு ஒன்று தொங்கியது. மோட்டாரை வாங்கும்போதே அதில் இருந்தது, நீண்டு தொய்ந்துபோனதால் பிட்டர் கழற்றிப் போட்டது. என் புருஷன் அதை எடுத்தார்.

அந்த பெல்ட்டின் இரண்டு நுனியையும் சேர்க்க இரும்புக் கிளிப்பு அடித்திருந்தார்கள். சீப்பு மாதிரி வரிசையாகப் பற்கள். என் முதுகில் விழுந்த இடத்திலெல்லாம் அந்தப் பற்கள் வரிசையாகப் பதிந்தன. எண்ணெய் ஊறிய தோல் என்பதால் சுழன்று வந்து விலாவையும் பிடித்தது. நான் கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் கூடியது. கூட்டி வைத்தார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பெல்ட்டு ஆணியை விட்டு இறங்க மழை தேவைப்படவில்லை. சாம்பாரில் உப்பு, கடலூரில் விலை இறங்கினது, நான் பதில் பேசினது. பதில் பேசுவதை நான் விடவில்லை. அதுவும் சொல்லிவிடுகிறேன். வாய் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அடுத்த மழையில் எனக்கு மூன்று மாதம். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனதற்கும் நான்தான் பொறுப்பு. பெல்ட்டு அடிவயிற்றில் விழுந்தது. மறுநாள் விடியும்போது எல்லாம் போய்விட்டது. என் மாமியார் துணிகளை அலசிப் போட்டார். விசாரிக்க வந்தவர்களிடம், "குழியில கால் வழுக்கிட்டா, பாவம்" என்றார். என்னிடம் வந்து, "நீயும் அப்டியே சொல்லு" என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அந்த ஆள் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும் என்று சாமியை வேண்டினேன். மனசார வேண்டினேன்.

அப்பா வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று என் பெண் கேட்பாள். போனேன். அண்ணன் பஸ்ஸில் திரும்பக் கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டு, என் புருஷனோடு உட்கார்ந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். "மச்சான், கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். மச்சான் பார்த்துக்கொண்டார்.

பிறகு நான் மறுபடி உண்டானேன். அந்த வருஷம் குழியை நான் பார்த்த மாதிரி எந்த பிட்டரும் பார்த்திருக்க மாட்டான். மழைக்கு வெகு முன்னாலேயே சேறு வாரினேன். ஃபுட்வால்வுக்குப் புதுத் தோல் வெட்டிப் போட்டேன். சும்மா இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். அந்தக் குழி காய்ந்து கிடந்தால் என் குழந்தை பிழைக்கும். அவ்வளவுதான் கணக்கு.

ஆயுத பூஜை வந்தது. ஐந்தாம் மாதம். குழந்தை புரள ஆரம்பித்திருந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். கூடத்தில் பலகை போட்டு, மூட்டை தூக்கும் கொக்கி, சாக்குக் கிழிக்கும் கத்தி, எடைக் கற்கள், என்னுடைய பைப்பு ஸ்பேனர், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். மோட்டாரைத் தூக்கிவர முடியாது என்பதால் அது இருக்கும் இடத்திலேயே பொட்டு வைத்து, குழாயில் சாமந்தி மாலை சுற்றுவார் மாமியார். கடைசியாக என் புருஷன் ஆணியிலிருந்து அந்தப் பழைய பெல்ட்டை எடுப்பார். எண்ணெய்த் துணியால் துடைப்பார். சுருட்டிப் பலகையில் வைத்து, அவர் கையாலேயே பொட்டு வைப்பார்.

அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கற்பூரம் காட்டும்போது அந்த பெல்ட்டுக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அதில் ஒரு சௌகரியம் இருப்பது புரிந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. என் புருஷன் அதில் ரொம்பக் கண்டிப்பு. வருஷத்தில் அந்த ஒரு நாள் எனக்கு லீவு.

அந்த வருஷம் வீட்டுப் பூஜையை முடித்துக்கொண்டு தராசுக்குப் பூஜை போட அவர் கடைக்குப் போனார். சாப்பாட்டு வேளைக்கு மழை பிடித்தது. தூறி, நின்று, யோசித்துப் பெய்கிற மழை இல்லை அது. ஓட்டின் மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறியது. மாமியாரும் நானும் சாக்கை மடித்து வாசலில் போட்டு மிதித்தோம். பயனில்லை. பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தால் குழி முக்காலும் நிறைந்திருந்தது. மூட்டைகளை நகர்த்த ஆளில்லை, கடை ஆட்கள் எல்லோரும் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். என்னால் தூக்க முடியாது.

"மோட்டாரப் போடப்போறேன் அத்த."

"ஐயையோ, பூஜ போட்ட சாமான்டி. இன்னிக்குத் தொடக்கூடாது. அவன் வந்தா என்னா சொல்றது?"

"மூட்ட நனைஞ்சா என்னா சொல்றது?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் முனகியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். சந்து வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷமே சத்தம் மாறியது. மோட்டார் கூச்சல் போட்டது.

குழாயைப் பார்த்தேன். சாமந்தி மாலையைக் காணோம். ஓட்டிலிருந்து கொட்டிய தண்ணீர் அதைத் தட்டிக் குழிக்குள் தள்ளியிருக்கிறது. நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்து வைத்த சல்லடைக்குள் பூவையும் நாரையும் பம்பு இழுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் மாமியாரையும் சரஸ்வதியையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டினேன். சுவிட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்கி மேடையில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து பலகையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். குங்குமம் கையில் ஒட்டியது.

குழிக்குள் இறங்கினபோது தண்ணீர் விலாவுக்கு வந்தது. வயிறு தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. குழந்தை ஒரு உதை விட்டது. "இரு, இரு" என்றேன். குழாயின் இணைப்பைத் திருகிக் கழற்றி, ஃபுட்வால்வோடு சேர்த்து மேலே தூக்கிப் போட்டேன். சல்லடை முழுக்கப் பூ. வாழை நார் உள்ளே போய்த் தோல் மூடியில் சுற்றியிருந்தது. இழுத்தேன். அவசரத்தில் பலமாக இழுத்துவிட்டேன். மூடி கிழிந்து நாரோடு கையில் வந்தது.

வீட்டில் வேறு தோல் இல்லை. நான் வாங்கிய துண்டு அந்த மூடிக்கே சரியாக இருந்தது. தண்ணீர் குழியை நிறைத்துத் தரையில் வழியத் தொடங்கியது. மூட்டைகளுக்கு நாலைந்து அடிதான் பாக்கி. செருப்பை வெட்டலாமா என்று பார்த்தேன், மெல்லிசு. பிறகுதான் கூடத்துப் பலகை ஞாபகம் வந்தது.

சொட்டச் சொட்டப் போய் பெல்ட்டையும் கத்தியையும் எடுத்தேன். மாமியார் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"வாணாம்டி. உன்ன உயிரோட விடமாட்டான்."

"விட்டாத்தான பாக்கலாம்."

தரையில் உட்கார்ந்து பெல்ட்டை விரித்து, பழைய மூடியை மேலே வைத்துச் சுற்றி அறுத்தேன். ஈரத்தில் பெல்ட்டு வழுக்கிக்கொண்டே போனது. கத்தி ஒரு தடவை என் கட்டைவிரலில் ஏறியது. மாமியார் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளிப்புப் பற்கள் இருந்த நுனியைத் தன் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

"இப்ப அறு."

அறுத்தேன். வட்டமாக வந்தது. எழுந்திருக்கப் போனேன். அவர் நுனியை விடவில்லை.

"இன்னொண்ணு வெட்டு. ஸ்பேர் இருக்கட்டும்."

"அத்த, தண்ணி..."

"நீ போயி அத மாட்டு. கத்தியக் குடு."

மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஃபுட்வால்வைப் பூட்டி, மறுபடி குழிக்குள் இறங்கிக் குழாயை இணைத்தேன். தண்ணீர் ஊற்றி, பியூஸைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் முனகியது. முனகிக்கொண்டே இருந்தது. அந்த மழையில் கரண்ட் போகாமல் இருந்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திட்டு வாங்கின சரஸ்வதியாகவே இருக்கலாம். தண்ணீர் மூட்டையைத் தொடாமல் பின்வாங்கியது. நான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

என் புருஷன் பொழுது சாயும் முன் நனைந்துகொண்டே ஓடி வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போனார். மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தன. முகம் தெளிந்தது. பிறகு மோட்டார் ஓடுகிற சத்தம் அவர் காதில் ஏறியது.

"யாரு போட்டது?"

"நான்தான். இல்லாட்டி எல்லாம் முழுகிப் போயிருக்கும் மாமா."

"பூஜ சாமானத் தொட்டியா?"

"தொட்டேன்."

அவர் கத்தவில்லை. ரொம்ப நியாயமாகப் பேசினார்.

"நீ எடுத்துட்ட. அப்ப நானும் எடுக்கலாம்ல?"

கூடத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பலகையில் பெல்ட்டு இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. தட்டில் வட்ட வட்டமாகத் தோல் துண்டுகள், வடை அடுக்கின மாதிரி. மேல் துண்டில் அவர் வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. இரும்புக் கிளிப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபுட்வால்வுக்கு வேணுமின்னு சொன்னா. வெட்டிக் குடுத்தேன்" என்றார்.

அவர் தன் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. பலகையிலிருந்து மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்தார். வளைந்த இரும்பு, கூர் நுனி. ஒரே குத்தில் சாக்கைத் துளைத்துத் தூக்கிவிடும். என் பக்கம் வந்து, இடது கையால் ஈரத் தலைமுடியைப் பிடித்துச் சுற்றினார். என் முகம் மேலே திரும்பியது. கொக்கி எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. குழாயை இணைத்த பிறகு வைக்க மறந்திருந்தேன். அதைச் சுழற்றி அடித்தேன். அவர் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. கொக்கி தரையில் விழுந்து உருண்டது. அவர் முடியை விடவில்லை. இன்னொரு தடவை போட்டேன், முழங்கைக்குக் கீழே. விட்டார். மூன்றாவதுக்கு ஓங்கினபோது மாமியார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். மூட்ட தூக்க ஒரு கையாச்சும் வேணும்."

என் புருஷன் தரையில் உட்கார்ந்து, தொங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. உடம்பெல்லாம் சூடாக, சந்தோஷமாக இருந்தது. இன்னும் அடிக்க வேண்டும் போல இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

எலும்புக் கட்டுப் போடுகிறவர் வந்து கையைத் திருப்பிப் பார்த்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்.

"மோட்டார் பெல்ட்ல கை மாட்டிக்கிச்சி, பாவம்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்து, "நீயும் அப்டியே சொல்லு" என்றார். பெண்டாட்டி அடித்தாள் என்று எந்த ஆம்பிளை வெளியே சொல்வான்? அவரும் அப்படியே சொன்னார். ஆயுத பூஜையன்றைக்கு மோட்டாரைத் தொட்டால் இதுதான் கதி என்று தெருவே பேசிக்கொண்டது.

மாசியில் என் பெண் பிறந்தாள். பிறந்ததுமே என்னைவிடப் பலமாகக் கத்தினாள். பக்கத்து வீட்டு ரேடியோவால் அவளோடு போட்டி போட முடியவில்லை.

என் புருஷன் திருந்தினார் என்று சொல்ல மாட்டேன். வாய் அப்படியேதான் இருந்தது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது. கை சில சமயம் மேலே எழும்பும், பாதியில் நிற்கும். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வது போலப் பாவனை செய்வார். ஆணி சுவரிலேயே இருந்தது. அதில் நான் வடிகட்டித் துணி காயப் போட்டேன். தட்டிலிருந்த தோல் துண்டுகளை விளக்கெண்ணெய் தடவி ஒரு டின்னில் போட்டு வைத்து, மழைக்கு முன் குழியில் இறங்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்து மாட்டினேன். நல்ல தோல். ஒரு வருஷம்கூடச் சொட்டு ஒழுகவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமியார் பலகை போட்டார். கொக்கி வந்தது, கத்தி வந்தது, எடைக் கற்கள் வந்தன. குழாயில் மாலை சுற்ற வேண்டாம், பொட்டு போதும் என்று நான் சொல்லிவிட்டேன். பெண் என் இடுப்பில் இருந்தாள். அவளுடைய அப்பா இடது கையால் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நின்று பலகையைப் பார்த்தார். கற்பூரத்தட்டை அவருக்கு நீட்டிக்கொண்டு நின்றிருந்த மாமியார் என்னைப் பார்த்தார்.

"ஸ்பேனரு எங்க?" என்று கேட்டார் என் புருஷன்.

பூஜையில் வைத்தால் மறுநாள் காலைவரை தொடக்கூடாது.

"அது வேலையில இருக்குது மாமா. நீங்க கற்பூரம் காட்டுங்க" என்றேன்.